எந்தப் புலி?

சென்ற வாரம் சிவாலிக் மலையடிவாரத்தில் சாம்பியனோடு நின்றோம். காட்டுப் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, புலியே தன் காலால் இடறித் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்த ஆங்கிலேய வன அதிகாரி. எடுத்த படங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தவர் ஒன்றைக் கண்டுகொண்டார். ஒரு புலிக்கு இருக்கும் வரி இன்னொரு புலிக்கு இல்லை.

அந்தச் சின்ன உண்மை பிற்காலத்தில் ஒரு புலியின் தலைவிதியையே தீர்மானிக்கப்போகிறது என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள். இனி இழுக்கக் கூடாது.

வாருங்கள், நம் நீலகிரிக்கே போவோம்.

மசினகுடி. 2021 அக்டோபர் 1.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைப் புலி அடித்துவிட்டது. செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. கடைகளில் நின்றவர்கள், எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள், பிள்ளைகளைத் தேடி ஓடிய தாய்மார்கள், எல்லோரும் சாலைக்கு வந்துவிட்டார்கள். மறியல். அதிகாரிகளைச் சுற்றி நின்று அவர்கள் கேட்டது ஒன்றுதான்.

"சுடுங்கள்."

அந்தக் கோபத்தைக் குறை சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு முன்புதான், செப்டம்பர் 24 அன்று, கூடலூர்ப் பக்கம் தேவன் எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி பலியாகியிருந்தார். அதற்கும் முன்னால் இரண்டு உயிர்கள். மொத்தம் நான்கு. அடிபட்ட மாடுகள் தனி.

தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிறவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. போனால்தான் அன்றைய கூலி. மாட்டைக் கட்டிப் போட்டால் தீவனத்துக்கு எங்கே போவது? பயந்துகொண்டே வேலைக்குப் போகிறவரின் கோபம் அது. நியாயமான கோபம்.

அன்றே உத்தரவு வந்தது. தமிழகத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் சேகர் குமார் நீரஜ் கையெழுத்திட்ட உத்தரவு. புலியை வேட்டையாட அனுமதி. எந்தப் புலியை என்பதும் அதில் இருந்தது.

டி23.

இங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

அந்தப் புலியின் கழுத்தில் அட்டை தொங்கவில்லை. காதில் வில்லை குத்தப்படவில்லை. ரேடியோ பட்டை இல்லை. 2018 கணக்கெடுப்பின்படி முதுமலைக் காப்பகத்துக்குள் மட்டும் 103 புலிகள். வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு, கிழக்கே சத்தியமங்கலம். நடுவில் வேலி எதுவும் இல்லை. புலிகள் வரும், போகும். அத்தனை புலிகளுக்கு நடுவே இதுதான் அது என்று எப்படிச் சொன்னார்கள்?

வரியை வைத்துத்தான்.

புலியின் வரி தாயின் வயிற்றுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. குட்டி வளர, உடம்பு நீள, வரியும் கூடவே நீளும். ஆனால் அமைப்பு மாறாது. சாகும்வரை அதே வரிதான். முடியை மழித்துவிட்டாலும் தோலில் அதே கோலம் தெரியும். நமக்குக் கைரேகை எப்படியோ, புலிக்கு வரி அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. நம் ரேகையை எடுக்க நம் கையைப் பிடிக்க வேண்டும். புலியின் ரேகையை அதன் நிழலைக்கூடத் தொடாமல் எடுத்துவிடலாம்.

எப்படி என்று பாருங்கள்.

புலி காட்டுக்குள் கண்டபடி நடப்பதில்லை. மனிதன் போட்ட பாதையும் ஓடைக்கரையும் அதற்குப் பிடிக்கும். அப்படி ஓர் இடத்தில் பாதையின் இரண்டு பக்கமும் மரத்தில் ஒவ்வொரு கேமரா கட்டுவார்கள். நம் முழங்கால் உயரம். இரண்டும் எதிரெதிரே பார்த்திருக்கும். வெதுவெதுப்பான உடம்பு ஒன்று எதிரில் நகர்ந்தால் கேமரா தானாக விழித்துக்கொள்ளும்.

எதற்கு இரண்டு கேமரா?

புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. ஒரு பக்கப் படம் மட்டும் கையில் இருந்தால், நாளைக்கு மறுபக்கம் காட்டி நடக்கும் அதே புலியை வேறு புலி என்று எழுதிவிடுவோம். இரண்டு பக்கமும் ஒரே நொடியில் பதிந்தால்தான் ஆள் அடையாளம் முழுமை.

பிறகு உட்கார்ந்து பார்க்கும் வேலை. விலாவில் மூன்றாவது வரி இரண்டாகப் பிரிகிறதா? பிரிந்தது கீழே போய் மறுபடி சேர்ந்து வளையமாகிறதா? தோளுக்கும் விலாவுக்கும் நடுவே வெற்றிடம் எவ்வளவு? பின்தொடையில் எந்த வரி பாதியில் அறுந்து நிற்கிறது? வால் வளையங்களில் எது தடிமன்? இப்படி ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பார்கள். இப்போது கணினி மென்பொருளும் உதவுகிறது. புலி குனிந்திருக்கும், வளைந்திருக்கும், அடி எடுத்து வைத்திருக்கும். அதனால் படத்தில் உள்ள தோலை ஒரு முப்பரிமாணப் புலி உருவத்தின்மேல் போர்த்தி நேராக்கி, பழைய படங்களோடு ஒப்பிடுகிறது அந்த மென்பொருள். கடைசித் தீர்ப்பு மட்டும் மனிதக் கண்ணுடையது.

இந்த முறையை நம் நாட்டில் அறிவியலாக்கியவர் உல்லாஸ் காரந்த். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். படித்தது பொறியியல். மனம் போனது காட்டுக்கு. நாகரஹொளெக் காட்டில் கேமரா கட்டி, வரியை வைத்துப் புலிகளைப் பிரித்தறிந்து, எத்தனை புலி என்று கணக்கிடும் வழியை 1995-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அப்போது அரசு நம்பியிருந்தது காலடித் தடத்தை. அந்த நம்பிக்கை சரிஸ்காப் புலிக் காப்பகத்தில் எப்படி இடிந்து விழுந்தது என்பது தனிக் கதை. பிறகு வருகிறேன்.

2018 புலிக் கணக்கெடுப்புக்காக நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா கட்டினார்கள். விழுந்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலிப் படங்கள் 76,651. வரிகளை ஒப்பிட்டுப் பிரித்தெடுத்த தனித்தனிப் புலிகள் 2,461. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. முதுமலைப் பதிவில் டி23 என்ற எண்ணுக்குரிய புலியைத்தான் இப்போது தேடுகிறார்கள்.

இனி மசினகுடிக்குத் திரும்புவோம்.

உத்தரவு வெளியானதும் மலைக்கு ஒரு மனநிலை, நகரத்துக்கு ஒரு மனநிலை. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் காலைக் காப்பியோடு செய்தித்தாள் விரித்தவர்கள் படித்தது, "சுட்டுப் பிடிக்க உத்தரவு". பலருக்கு மனம் பதைத்தது. சென்னைக்கு அந்தக் காட்டோடு பழைய உறவு உண்டு. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், மயிலாப்பூரில் வாழ்ந்துகொண்டே கனமான கேமராவைச் சுமந்து போய் முதுமலை யானைகளைப் படமெடுத்து வந்தவர். காட்டு விலங்கை ஊன்றிப் பார்த்து எழுதும் கலையை இந்த நகரத்துக்குப் பழக்கியவர். அவரைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம்.

ஆனால் மலைக்காரர்களின் நினைவில் இருந்தவை வேறு. 2014-இல் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலி. 2015-இல் ஒன்று. 2016-இல் தேவர்சோலையில் ஒன்று. மூன்று கதைகளும் துப்பாக்கியில்தான் முடிந்தன. இந்த முறையும் அப்படித்தான் முடியும் என்று எதிர்பார்த்தார்கள். முடிய வேண்டும் என்றும் விரும்பினார்கள்.

விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

அக்டோபர் 5. தலைமை நீதிபதி சஞ்ஜீப் பானர்ஜி, நீதிபதி பி.டி. ஆதிகேசவலு அமர்வு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தான புலியை வேட்டையாட அனுமதி தரலாம். ஆனால் பிடிக்க முடியாது, மயக்க முடியாது, வேறிடம் கொண்டுபோக முடியாது என்று உறுதியான பிறகே கொல்லச் சொல்லலாம். உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது அமர்வு. அது ஆட்கொல்லியாக இல்லாமலும் இருக்கலாமே என்றும் கேட்டது.

கூர்மையான கேள்வி அது. புதரில் எதிர்பாராமல் முட்டிக்கொண்டு மிரண்டு அடிப்பது வேறு. மனிதனையே இரையாகத் தேடி வருவது வேறு. நான்கு மரணங்களும் ஒரே புலியின் வேலைதானா என்ற சந்தேகமும் பேசப்பட்டது. இறந்தவர்கள் விழுந்த பகுதிகளில் வைத்த கேமராக்களில் டி23-இன் வரிகள் பதிந்திருக்கின்றன என்பதே வனத்துறையின் கைவசம் இருந்த சாட்சி.

ஆக, புலியை உயிரோடு பிடிக்க வேண்டும். அதுவும் இந்தப் புலியை மட்டும்.

எத்தனை பெரிய பாரம் இது என்று எண்ணிப் பாருங்கள். ட்ரோன் பறந்தது. மோப்ப நாய்கள் வந்தன. தெப்பக்காடு முகாமின் கும்கி யானைகள் சீனிவாசனும் உதயனும் இறங்கின. மரத்தின்மேல் பரண் கட்டிக் காத்தார்கள். பல இடங்களில் புதிதாகக் கேமரா கட்டினார்கள். பழங்குடி இளைஞர்களான வேட்டைத் தடுப்புக் காவலர்கள் முன்னே நடந்தார்கள். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் காடு அது. பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாது.

தினமும் கேமராக்களைத் திறந்து படங்களைப் பார்த்தார்கள். யானை வந்தது. காட்டுமாடு வந்தது. மான் வந்தது. புலியும் வந்தது.

வரியைப் பார்த்தார்கள்.

வேறு புலி.

இந்த ஒரு வரிச் செய்தியின் மதிப்பை நினைத்துப் பாருங்கள். வரிப் பதிவு மட்டும் இல்லாதிருந்தால், கோபமும் பயமும் அவசரமும் கூடிய அந்த நாட்களில் முதலில் தென்பட்ட புலிதான் குற்றவாளி. அதைச் சுட்டிருப்பார்கள். ஊர் நிம்மதியாக உறங்கியிருக்கும். உண்மையான டி23 அதே ஊரின் ஓரத்தில் நடமாடிக்கொண்டிருக்கும். ஐந்தாவது உயிர் போன பிறகுதான் நடந்தது புரிந்திருக்கும்.

நாட்கள் நகர்ந்தன. டி23 சிக்கவே இல்லை. தேடிக் களைத்தவர்களின் முகத்தில் சோர்வு. ஊர் மறுபடி முணுமுணுக்கத் தொடங்கியது. "சுட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்குமே."

அக்டோபர் 14. ஆயுத பூஜை.

தி.நகர் கடைகளில் கல்லாப் பெட்டிக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பங்கிட்டுக்கொண்டிருந்த நாள். அன்று இரவு, தெப்பக்காடு மசினகுடி சாலையில், விளக்கு வெளிச்சத்தில் ஓர் உருவம் தெரிந்தது.

புலி.

டி23.

மயக்க ஊசித் துப்பாக்கியைச் சினிமாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசி பட்டதும் புலி சாய்ந்துவிடாது. மருந்து உடம்பில் இறங்க நிமிடங்கள் ஆகும். அளவை எடையை வைத்து முடிவு செய்ய வேண்டும். எடையோ கண்ணால் பார்த்த மதிப்புதான். மருந்து கூடினால் உயிர் போகலாம். குறைந்தால் பாதி மயக்கத்தில் திரும்பிப் பாயலாம். சுடும் தூரமும் குறைவு. இருட்டில் இத்தனையும் ஒருசேரக் கூடி வர வேண்டும்.

கால்நடை மருத்துவர் குழு ஊசியைச் செலுத்தியது.

பட்டது.

புலி விழவில்லை. புதருக்குள் பாய்ந்தது. காணவில்லை.

அந்த நேரத்தில் அங்கே நின்றவர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! உடம்பில் மருந்தோடு, கோபத்தோடு, வலியோடு, இருட்டில் எங்கோ ஒரு புலி. பின்தொடர்ந்தால் நம் ஆள் ஒருவர் போகலாம். விட்டுவிட்டால், மயக்கத்தில் நீரில் விழுந்து புலியே போகலாம். மயக்கம் தெளிந்து ஊருக்குள் நுழைந்தால்?

இரவு அப்படியே கழிந்தது.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் தேடல் தொடங்கியது. கும்கிகள் புதரை விலக்கிக்கொண்டு நகர்ந்தன. காவலர்கள் தடம் பார்த்துப் பார்த்து முன்னேறினார்கள். தேவன் எஸ்டேட் மரணத்தை அடுத்துத் தொடங்கிய தேடலின் 21-ஆம் நாள் அது. பிற்பகலில், மசினகுடிக்கு அருகே, புலி மறுபடி கண்ணில் பட்டது. மறுபடி ஊசி.

இந்த முறை அது தள்ளாடியது. உட்கார்ந்தது. தலை சாய்ந்தது.

ஒருவரும் ஆரவாரம் செய்யக் கூடாத நேரம் அது. ஏனென்றால் கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி.

எந்தப் புலி?

காட்டில் மயங்கிக் கிடப்பது டி23 இல்லை என்றால், இருபத்தொரு நாள் உழைப்பும் வீண். ஊருக்குச் சொன்ன வாக்கும் பொய். ஒரு குற்றமும் செய்யாத புலி ஒன்று ஆயுள் முழுக்கக் கூண்டில் கிடக்கும்.

வரியைப் பார்த்தார்கள். பதிவில் இருந்த அதே வரி.

டி23 தான்.

வயதேறிய ஆண் புலி. உடம்பில் காயங்கள் இருந்தன. கூண்டில் ஏற்றி மைசூரு அருகே கூர்கள்ளியில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். காடு அதற்கு முடிந்துபோனது. உயிர் மிஞ்சியது. மசினகுடியில் கதவைத் திறந்து வைத்துத் தூங்க முடிந்தது.

இதில் யார் வென்றார்கள் என்று கேட்டால் என் தீர்ப்பு இதுதான். சுடச் சொன்ன ஊரும் தோற்கவில்லை, கொல்லாதே என்ற நகரமும் தோற்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே நின்று நியாயம் சொன்னவை, யாரோ சில இளைஞர்கள் அட்டைக்கடியோடு காட்டுக்குள் நடந்து மரத்தில் கட்டிவிட்டு வந்த அந்தக் கேமராக்கள். ஊர் அமைதியாக இருந்த ஆண்டுகளில் பொறுமையாகச் சேர்த்து வைத்த படங்கள்தான், ஊர் கொதித்தபோது சாட்சிக் கூண்டில் ஏறின. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிமுறையும் இதைத்தான் முதலில் கேட்கிறது. புலி ஆபத்தாகிவிட்டது என்றால், கேமராப் படத்தை இருக்கும் பதிவோடு ஒப்பிட்டு அது எந்தப் புலி என்பதை முதலில் நிறுவுங்கள் என்கிறது.

அடுத்த முறை "ஆட்கொல்லிப் புலி" என்று செய்தி வரும்போது நீங்களும் அதையே கேளுங்கள். எந்தப் புலி என்று தெரிந்துவிட்டதா? வரி ஒத்துப்போகிறதா? கேட்கிற வாசகர்கள் இருந்தால்தான் பதில் சொல்கிற அதிகாரிகள் இருப்பார்கள்.

டி23-இன் கதை முடிந்தது. வரிகளின் கதை முடியவில்லை.

2011 மே மாதம். கர்நாடகத்தின் ஷிகாரிப்புரா வட்டாரத்தில் ஓர் இளம் ஆண் புலி பிடிபடுகிறது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் படம் உல்லாஸ் காரந்தின் பதிவேட்டுக்குப் போகிறது. நூற்றுக்கணக்கான புலிகளின் வரிகளில் ஒன்று ஒத்துப்போகிறது. ஆனால் அந்தப் புலி முன்பு படமாகியிருந்த இடமோ 280 கிலோமீட்டர் தள்ளி!

வழியெல்லாம் ஊர்கள், வயல்கள், நெடுஞ்சாலைகள். ஒருவர் கண்ணிலும் படாமல் அது எப்படி வந்து சேர்ந்தது?

அடுத்த வாரம் அதன் பின்னால் நடப்போம்.